கிரீஸ் தடவிய கிராபிக்ஸ் கார்டு

ஒரு கிராபிக்ஸ் கார்டை நான் கொன்றிருக்கிறேன். கையால் தொடக்கூட இல்லை. ஃபோனில் ஒரே ஒரு யோசனை சொன்னேன், மூன்று நாள் கழித்து திருவொற்றியூரில் ஒரு பட்டறையில் அதன் உயிர் போயிற்று. அது சாகும்போது நான் பக்கத்திலேயே, மேனேஜருக்கும் வாடிக்கையாளருக்கும் நடுவில், புதுச் சுடிதாரில் சிரித்துக்கொண்டு நின்றிருந்தேன். இப்போது இதைச் சொல்லும்போது வெட்கம் கொஞ்சம்தான் வருகிறது, பெருமைதான் அதிகம். அது எப்படி என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

அப்போது எனக்கு வேலை, டிசைன் சாஃப்ட்வேர் விற்பது. ஒரு பட்டறைக்காரர் இரும்பில் தொட்டியோ மூடியோ ஏணியோ செய்வதற்கு முன்னால் அதைக் கம்ப்யூட்டரில் வரைந்து, திருப்பித் திருப்பி எல்லாப் பக்கமும் பார்த்து, தப்பிருந்தால் திரையிலேயே திருத்திக்கொள்ளலாம். தகட்டை வெட்டிவிட்டு முழிக்க வேண்டாம். நல்ல சாமான்தான். கம்பெனி ஆபீஸ் இருந்தது தென்சென்னையில். நானோ ராயபுரத்துப் பெண், துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவரின் மகள். ஒரு மீட்டிங்கில் வாய் தவறி ‘இன்னா சார்’ என்று சொல்லிவிட்டேன், அதை வைத்து மூன்று மாதம் சிரித்தார்கள். (அவர்கள் ஒரு மணி நேரத்துக்கு நாற்பது முறை ‘ஆக்சுவலி’ சொன்னதற்கு நான் ஒரு முறைகூடச் சிரிக்கவில்லை. நமக்கென்று ஒரு மரியாதை இருக்கிறது.)

ஆபீஸில் ஒரு வெள்ளைப் பலகை இருந்தது. எந்த ஏரியாவுக்கு யார் என்று அதில் எழுதியிருக்கும். வடசென்னைக்கு எதிரே மட்டும் பெயர் இல்லை. எனக்கு முன்னால் இரண்டு பேர் போய்ப் பார்த்துவிட்டு, ‘அங்க எவனும் சாஃப்ட்வேருக்குக் காசு குடுக்க மாட்டான் சார்’ என்று திரும்பிவிட்டார்கள். எனக்கு ரோஷம் வந்தது. எழுந்து நின்று, “என் ஏரியா சார், நான் விக்கிறேன்” என்றேன். மேனேஜர் ரகுநாதன் சார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நெருப்புப் பெட்டி கேட்கிற குழந்தையைப் பார்ப்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. ஆனாலும் என் பெயரைப் பலகையில் எழுதினார்.

இரண்டு மாதம் அலைந்தேன். ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர். கம்பெனி கொடுத்த டெமோ லேப்டாப் அம்மிக்கல் கனம், ஆனால் உள்ளே உசத்தியான கிராபிக்ஸ் கார்டு. அதில் ஒரு படகையே ஏற்றிச் சுற்றினாலும் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு சுற்றும். பட்டறை முதலாளிகள் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள். அடுத்து எல்லோரும் ஒன்றேதான் கேட்பார்கள். “ஷோக்கா கீதும்மா. நம்ப மெஷின்ல போட்டுக் காட்டு.”

அங்கேதான் கதை கந்தலாகும். ‘நம்ப மெஷின்’ என்பது பில் போடுவதற்காக என்றைக்கோ வாங்கியது. தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது, மெமரியும் போதாது. ஒரு சாதாரண ஏணியைத் திருப்பச் சொன்னால் திரை உறைந்து நின்றுவிடும். டீ வரும், குடிப்போம், கிளாஸை எடுத்துக்கொண்டு போவார்கள். ஏணி அப்போதுதான் லேசாகத் தலையைத் திருப்பும். “சாமான் நல்லாத்தான் கீது, ஆனா நவுரலியேம்மா” என்று அனுப்பிவிடுவார்கள்.

பத்தாவது இடத்தில் அந்த டீயைக் குடிக்கும்போதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. பட்டறைக்காரர்கள் சாஃப்ட்வேரைக் குறை சொன்னார்கள். எனக்கு முன்னால் வந்தவர்கள் ஊரைக் குறை சொன்னார்கள். குற்றம் மேசைக்கடியில் தூசி படிந்து உட்கார்ந்திருந்த பெட்டியினுடையது. லாரி வாங்கினால் பானட்டைத் திறந்து, காதை வைத்துக் கேட்டு, நூறு கேள்வி கேட்டு வாங்குகிற ஊர் இது. கம்ப்யூட்டரை மட்டும் ‘பில்லு வந்தா போதும்’ என்று வாங்கிவிடுகிறது. உள்ளே சரியான கார்டு இருந்தால் நான் வாயே திறக்க வேண்டாம், சாஃப்ட்வேர் தானாக விற்கும்.

மறுநாள் ஆபீஸில் இதை அறிவித்தேன். “இனிமே லேப்டாப்ல டெமோ காட்ட மாட்டேன் சார். முதல்ல அவங்க கம்ப்யூட்டர சரி பண்ண வைப்பேன். அப்புறம் அதுலயே ஓட்டிக் காட்டுவேன்.”

ரகுநாதன் சார் கேட்டுவிட்டுச் சொன்னார். “ஐடியா நல்லா இருக்கும்மா. ஆனா மாசக் கடைசிக்குள்ள ஒரு லைசென்ஸாவது விக்கணும். இல்லன்னா நார்த் சென்னைய பலகையில இருந்து அழிச்சிடுவேன். நீ உள்ள உக்காந்து ஃபோன் பண்ற வேலைக்கு மாறிக்கோ.”

மாசக் கடைசிக்குப் பதினாறு நாள் இருந்தது. போனால் என் வேலை மட்டும் போகாது, ‘நாங்கதான் அப்பவே சொன்னோமே’ என்று அந்த ஆபீஸ் முழுவதும் சொல்லும். அதைக் கேட்க மட்டும் நான் தயாராக இல்லை.

மாட்டினவர் காதர் பாய். திருவொற்றியூரில் கடலைப் பார்த்த மாதிரி அவருடைய பட்டறை. காசிமேட்டு விசைப்படகுகளுக்கு மீன் அறை மூடி, ஐஸ் பெட்டி, கைப்பிடிக் கம்பி எல்லாம் அங்கேதான் செய்வார்கள். நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். “சரி, நீ சொல்ற கார்டையே வாங்குவோம். ஆனா ஓடலன்னா இந்தப் பக்கம் தல வெச்சிப் படுக்கக் கூடாது” என்றார். எந்தக் கார்டு, எவ்வளவு மெமரி என்று நானே எழுதிக் கொடுத்தேன். நல்ல கார்டு, அதில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகமில்லை. திங்கட்கிழமை கடைக்காரர் வந்து மாட்டி, ஓட்டிப் பார்த்துவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு டெமோ. “ஜும்மா தொழுகைக்கு முன்னாடி முடிச்சிடும்மா” என்று பாய் சொல்லியிருந்தார்.

செவ்வாய்க்கிழமை ஷேர் ஆட்டோவில் ஆறு பேருக்கு நடுவில் ஏழாவது ஆளாகச் செருகியிருந்தேன். பட்டறையின் ஃபோர்மேன் தனபால் ஃபோன் செய்தார். தங்கமான மனிதர். இரும்பைத் தட்டிப் பார்த்தே அதன் வயசைச் சொல்லுவார்.

“தங்கச்சி, ஒரு டவுட்டு. நம்ப பட்டறை கடல பாத்துகினு கீது. ஸ்பேனர வெளிய வெச்சா ரெண்டே நாள்ல துரு ஏறிடுது. இம்மாம் காசு போட்டு வாங்கின கார்டு, உப்புக் காத்துல வீணாப் பூடாதா?”

எனக்குப் பதில் தெரியாது. கம்பெனி கொடுத்த டிரெய்னிங்கில் உப்புக் காற்றைப் பற்றி ஒரு வரி கிடையாது. ‘தெரியலண்ணா, கேட்டுச் சொல்றேன்’ என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் ஆட்டோவில் ஆறு பேரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். போதாக்குறைக்கு இது என் ஏரியா. என் ஏரியா காற்றைப் பற்றி நான் தென்சென்னையிலா போய்க் கேட்பேன்?

“இன்னாண்ணா, நம்ப ஊர் காத்து நமக்குத் தெரியாதா? மத்த சாமானுக்கெல்லாம் இன்னா பண்ணுவீங்களோ, அத்தயே இதுக்கும் பண்ணுங்க. ஒண்ணும் ஆவாது.”

“அவ்ளோதானா? வயித்துல பால வார்த்த தங்கச்சி” என்று தனபால் அண்ணன் ஃபோனை வைத்தார். எதிரே மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் என்னை மரியாதையோடு பார்த்தார். நான் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டேன். மற்ற சாமானுக்கெல்லாம் அவர்கள் என்ன செய்வார்கள் என்று அந்த நிமிஷத்தில் எனக்குத் தோன்றவே இல்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. டெமோவை நேரில் பார்க்க ரகுநாதன் சாரே கிளம்பி வந்தார். கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றதால் காரை விட்டு இறங்கி நடந்து வந்திருக்கிறார். ஆபீஸில் கிளம்பும்போது வெள்ளையாக இருந்த சட்டை, பட்டறைக்கு வரும்போது சிமென்ட் கலர். காதர் பாய் தன் பங்குக்கு காசிமேட்டிலிருந்து அஞ்சலை அக்காவை வரவழைத்திருந்தார். இரண்டு விசைப்படகுக்குச் சொந்தக்காரி. அவர் படகுக்குத்தான் புது மீன் அறை மூடி செய்ய வேண்டும். அவர் சரி என்றால் பாய் சரி என்பார்.

நான் மூடியை மட்டும் வரைந்து எடுத்துப் போயிருக்கலாம். புத்தி கெட்டவள், அஞ்சலை அக்காவின் படகு முழுவதையுமே மூன்று ராத்திரி கண் விழித்து வரைந்திருந்தேன். கயிறு, விளக்கு, டீசல் டேங்க், எல்லாம். கம்ப்யூட்டர் பட்டறையின் ஓரத்தில் இருந்தது. நாலடி தள்ளி ஒருவர் கிரைண்டரில் தகட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார், பொறி பறந்தது. மவுஸைப் பிடித்தேன். படகு திரும்பியது.

அடடா, என்ன அழகாகத் திரும்பியது! ஒரு தடுமாற்றம் இல்லை. அஞ்சலை அக்கா குனிந்து பார்த்து, “ஐயே, என் போட்டு அப்டியே கீது பாய்!” என்றார். ரகுநாதன் சார் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அந்த நாலு நிமிஷம் நான் வாழ்ந்தேன். கையில் ஒரு மைக் இருந்திருந்தால் நன்றி உரையே ஆற்றியிருப்பேன்.

ஐந்தாவது நிமிஷம் ஒரு வாசனை வந்தது. பழைய எண்ணெயில் வடை சுடுவார்களே, அந்த வாசனை. பக்கத்தில் டீக்கடை போலிருக்கிறது என்று நினைத்தேன். திரையில் படகின் மேல் ரோஸ் நிறத்தில் ஒரு கோடு விழுந்தது. அப்புறம் பச்சையில் நாலு கோடு.

“இன்னாமா, போட்டு ரோஸ் ஆவுது? நான் நீலம் தானே அடிச்சிகீறேன்?” என்றார் அஞ்சலை அக்கா.

“கலர் மாத்திப் பாக்கற வசதியும் இதுல இருக்குக்கா” என்றேன். (இருபத்து நாலு வயதில் பொய் எவ்வளவு வேகமாக வருகிறது!)

படகு மூன்று துண்டானது. டீசல் டேங்க் தனியாக மேலே மிதந்தது. திரை கறுத்தது. கம்ப்யூட்டருக்குப் பின்னாலிருந்து ஊதுபத்தி அளவுக்கு ஒரு புகை எழும்பியது.

பட்டறையில் புகை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று தனபால் அண்ணனுக்கு நன்றாகத் தெரியும். கேள்வியே கேட்காமல் சுவரில் மாட்டியிருந்த சிவப்பு வாளியை எடுத்தார், மணலை அப்படியே வீசினார். பாதி மணல் கம்ப்யூட்டர் மேல் விழுந்தது. மீதி பாதி, என்ன புகை என்று பார்க்கக் குனிந்த ரகுநாதன் சார் மேல் விழுந்தது. பிளக்கைப் பிடுங்கினார்கள். கிரைண்டர் நின்றது. அவ்வளவு பெரிய பட்டறையில் அலைச் சத்தம் மட்டும் கேட்டது.

“படம் காட்றேன்னு இட்டாந்து அடுப்பு காட்றியே கண்ணு” என்றார் அஞ்சலை அக்கா.

பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினோம். கார்டைப் பார்த்தேன். விசிறியிலிருந்து கடைசிப் பின் வரைக்கும் வெள்ளை கிரீஸ் பூசி மெழுகியிருந்தது. மூன்று நாளாகப் பறந்த இரும்புத் தூள் அத்தனையும் அந்தக் கிரீஸில் வந்து ஒட்டி, கார்டு கேழ்வரகுக் களி உருண்டை மாதிரி இருந்தது. விசிறி சுற்றவே வழியில்லை.

“இது... என்னது?” என்றார் ரகுநாதன் சார், புருவத்திலிருந்து மணலைத் தட்டியபடி.

தனபால் அண்ணன் ஒன்றும் புரியாமல் நின்றார். “கிரீஸ் சார். ஒசத்தி கிரீஸ். நம்ப கைல டூத் பிரஷ் வெச்சி ஒரு சந்து வுடாம நான்தான் தடவினேன். இங்க எல்லா சாமானுக்கும் அத்தத்தானே பண்றோம்?” என்றார். என் பெயரை அவர் சொல்லவில்லை. என்னைப் பார்த்தார், அவ்வளவுதான்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஐந்து விநாடி, அவரே செய்ததாக இருந்துவிட்டுப் போகட்டுமே என்று மனசு கணக்குப் போட்டது. பட்டறை ஆட்களுக்கு ஒன்றும் தெரியாது என்றால் ஆபீஸில் எல்லோரும் உடனே நம்புவார்கள். இத்தனை நாளாக அவர்கள் சொல்லிக்கொண்டிருந்ததும் அதுதானே. அது நினைவுக்கு வந்ததும் எனக்கே என்மேல் அருவருப்பாகிவிட்டது.

“நான் சொல்லித்தான் சார் பண்ணாரு. எனக்குத் தெரியாது, தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன். தப்பு என்னுது.”

ரகுநாதன் சார் மணலை உதறிக்கொண்டே லாரி வரிசையை நோக்கி நடந்தார். காதர் பாய் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “தொழுகைக்கு நேரமாச்சு” என்று கிளம்பினார். சாயங்காலம் நான் ஆபீஸுக்குப் போனபோது பலகையில் வடசென்னை இருந்த இடம் சுத்தமாக அழிக்கப்பட்டிருந்தது. டெமோ லேப்டாப்பைத் திங்கட்கிழமை ஒப்படைத்துவிட்டு ஃபோன் மேசைக்குப் போகச் சொன்னார்கள். வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் அப்பா ஐந்து நிமிஷம் அடக்கிப் பார்த்தார், முடியவில்லை, சிரித்துவிட்டார். “கிரேனுக்கு நான் முப்பது வருஷம் கிரீஸ் போட்டேன், ஒரு நாள் பேஜாரு பண்ணதில்ல. நீ ஒரே தபா போட்டு கவுத்துட்டியே!” என்றார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் நேராகப் பட்டறைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான். லேப்டாப் பையில் இருந்தது. வேலை இல்லாத நாள், ஆனாலும் தனபால் அண்ணன் இருந்தார். செத்த கார்டை ஒரு பழந்துணி மேல் வைத்து, பல் குத்தும் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

“மன்னிச்சிருங்கண்ணா” என்றேன்.

“அத்த வுடு. குந்து. எனக்கு ஒண்ணு சொல்லு. தூள் உள்ள பூந்ததுதானே பேஜாரு? தூளே உள்ள வராம, சூடு மட்டும் வெளிய போற மாதிரி ஒரு பொட்டி செஞ்சா?”

லேப்டாப்பைத் திறந்தேன். அவர் அளவு சொன்னார், நான் வரைந்தேன். முன்னால் கதவு, ரப்பர் வைத்து இறுக்கமாக. கீழே காற்று நுழைய ஜன்னல், அதில் வடிகட்டித் துணி. மேலே சூட்டை இழுத்து வெளியே தள்ள ஒரு விசிறி. “இல்ல இல்ல, அந்த மூலைய மடிக்கணும்” என்று அவர் விரலால் திரையைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். பிறகு பொறுமை போய், “இப்டிக் குடு” என்று மவுஸை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். முதல் அரை மணி நேரம் கோடுகள் கன்னாபின்னாவென்று போயின. மதியச் சோற்றுக்கு நான் நினைவுபடுத்தியபோது அவர் தலையே நிமிரவில்லை. பெட்டியைத் தலைகீழாகத் திருப்பி அடிப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

எப்போது வந்தார் என்று தெரியாது, காதர் பாய் பின்னால் நின்றிருந்தார்.

“இதுதானா அந்த சாஃப்ட்வேரு?”

“இதேதான் பாய்.”

“அன்னிக்கே இத்தக் காட்டி இருக்கலாமேம்மா. போட்டு எப்டி இருக்கும்னு எங்களுக்குத் தெரியாதா? இதுவரைக்கும் செய்யாத ஒண்ண தனபால் செய்யறான் பாரு, அத்தத்தானே நான் பாக்கணும்.” கொஞ்ச நேரம் அவர் திரையையே பார்த்தார். “கார்டு ஒண்ணு புதுசா வாங்கிக்கிறேன். நீ சொன்ன, அவன் தடவினான், நான் பாத்துகினு இருந்தேன். தப்பு மூணு பேர் மேலயும் கீது. ஆனா இந்தத் தபா கிரீஸ் டப்பா என் பீரோவுல பூட்டி இருக்கும்.”

இரண்டு நாளில் பெட்டி தயாரானது. மணலை உதறிச் சுத்தம் செய்த கம்ப்யூட்டர் அதற்குள் கொலுவேறியது. புதுக் கார்டோடு படகு சுற்றியது, பத்து நிமிஷம், இருபது நிமிஷம், ஒரு மணி நேரம். நாலடி தள்ளி கிரைண்டர் பொறி பறக்கத்தான் செய்தது. அஞ்சலை அக்கா மறுபடி வந்து பார்த்து, “இப்ப நீலம் நீலமாத்தான் கீது” என்று சான்றிதழ் கொடுத்தார். மாசக் கடைசி நாள் மதியம், காதர் பாய் கையெழுத்துப் போட்ட லைசென்ஸ் படிவத்தை ரகுநாதன் சார் மேசையில் வைத்தேன். அவர் படிவத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுந்து போய்ப் பலகையில் வடசென்னையை எழுதி, எதிரே என் பெயரையும் எழுதினார். பென்சில் மாதிரி மெல்லிசாக இல்லை, நல்ல தடிமனாக.

அதன் பிறகு நடந்ததைச் சொன்னால் தற்பெருமை என்பீர்கள். ஆமாம், தற்பெருமைதான். எண்ணூரிலிருந்தும் மீஞ்சூரிலிருந்தும் பட்டறைக்காரர்கள் வந்து காதர் பாயிடம் அந்தப் பெட்டியைக் கேட்டார்கள். பெட்டி வாங்கியவர் அதற்குள் நல்ல கார்டு போட்டார். நல்ல கார்டு போட்டவர் என்னைக் கூப்பிட்டார். நான் போய் எதையும் விற்கவே வேண்டியிருக்கவில்லை, சொல்லிக் கொடுப்பது மட்டும்தான் என் வேலை. சாஃப்ட்வேர் விற்காத ஊர் என்று சொன்னவர்கள் என்னோடு ஒரு நாள் சுற்றிப் பார்க்கலாமா என்று கேட்டார்கள். கூட்டிக்கொண்டு போனேன், ஷேர் ஆட்டோவில்.

கம்பெனி ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் டெமோவுக்கு முன்னால் ஒரு படிவம் நிரப்பச் சொல்லும். அதில் நான் ஒரு கேள்வி சேர்க்கச் சொன்னேன்: ‘உங்கள் கம்ப்யூட்டர் கடலிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது?’ வடசென்னைக்கு என்று கேட்டேன், அவர்கள் எல்லா ஊருக்கும் அச்சடித்துவிட்டார்கள். சேலத்துக்காரர் ஒருவர், ‘கடலை நான் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன், டூரில்’ என்று நிரப்பி அனுப்பினார். இன்று நான் மேனேஜர். அந்தக் கேள்வியை எடுத்துவிடலாமே என்று யாராவது சொன்னால், ‘இன்னாத்துக்கு?’ என்று கேட்பேன். யாரும் சிரிப்பதில்லை.

வீட்டில் மட்டும் சிரிக்கிறார்கள். புது மிக்ஸி வந்தாலும் ஃபேன் வந்தாலும் அப்பா படிவக் கேள்வியைத்தான் கேட்பார். போன வருஷம் என் தங்கைக்குத் தர்மபுரியிலிருந்து வரன் வந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் உட்கார்ந்து, கேக்கும் காபியும் ஆகி, பேச்சு நின்றுபோன ஒரு நேரத்தில் அப்பா மாப்பிள்ளையிடம் குனிந்தார்.

“தம்பி, உங்க வூடு கடல்லேர்ந்து எவ்ளோ தூரம்?”

மாப்பிள்ளையின் அப்பா திகைத்துப்போய், மனசுக்குள் கிலோமீட்டர் கூட்ட ஆரம்பித்தார். மாப்பிள்ளை மட்டும் நிதானமாகக் காபியைக் கீழே வைத்தார்.

“ரொம்ப தூரங்க மாமா. எங்க ஊர்ல கிரீஸ் தேவைப்படாது.”

எங்கள் வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் தங்கையைத் திரும்பிப் பார்த்தோம். பெண் பார்க்கவே அன்றைக்குத்தான் வருகிறார்கள், அதற்குள் என் மானத்தை ஃபோனில் தர்மபுரி வரைக்கும் அனுப்பியிருக்கிறாள் கள்ளி. அவள் காபித் தட்டால் முகத்தை மறைத்துக்கொண்டாள். அப்பா எழுந்து மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக் குலுக்கி, சம்பளம் எவ்வளவு என்றுகூடக் கேட்காமல், கல்யாணத் தேதியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.